'ச' காதுல குத்துது, அண்ணா

கேள்வி: எனக்கு 31 வயது. ஒன்பது வருடமாக இசையமைத்து, குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கிற மிக்ஸும் நானே செய்கிறேன். சில மாதமாக இரண்டு காதிலும் விடாமல் 'கீ...' என்று ஒரு இரைச்சல். ஆடியோகிராமில் (காது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த சுருதிகளில், பள்ளமாக இறங்கியிருக்கிறது. போனது திரும்பாது என்கிறார் டாக்டர். வெளியே தெரிந்தால் வேலை தருவார்களா? தொழிலை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், சாலிகிராமம்

பதில்: விட வேண்டாம் தம்பி. அதே பள்ளம் எனக்கு 38 வயதில் வந்தது. இப்போது 57. இன்னும் மிக்ஸ் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குத் தெரிய வந்தது ஒரு பக்திப் பாடலில். ராத்திரி இரண்டு மணி. பாடகியின் குரல் மந்தமாகத் தோன்ற, சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 5000 ஹெர்ட்ஸைத் தூக்கிக்கொண்டே போனேன். காலையில் உதவியாளர் பையன் கேட்டுவிட்டு, "அண்ணா, 'ச' வர்ற இடமெல்லாம் காதுல குத்துது" என்றான். எனக்குக் கோபம். சலங்கை ட்ராக்கை மட்டும் ஓட விட்டு, "கையைத் தூக்கு, சத்தம் அடங்கினதும் இறக்கு" என்றேன். என் காதில் சலங்கை நின்றுபோன பிறகும் அவன் கை இறங்கவில்லை. அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் சொன்னது சரி. அதிக சத்தத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மயிரணுக்கள்தான் (உள்காதில் ஒலியை உணரும் அணுக்கள்) பெரும்பாலும் முதலில் சாகின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. அதனால் மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100க்குப் போனால் பதினைந்தே நிமிடம். நான் 75ஐத் தாண்டுவதில்லை. மெல்ல வைத்தால் பேஸ் குறைவாகத்தான் கேட்கும், நம் காதின் இயல்பு அது. அதை நம்பி பேஸை ஏற்றிவிடாதீர்கள். கடைசியில் ஒரே ஒரு நிமிடம் சத்தமாக வைத்துப் பாருங்கள், போதும்.

ஆடியோகிராமின் நகல் ஒன்றை மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளத்துக்குள் வருகிற எதையும் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டேன். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பார்ப்பேன். அப்புறம், நன்றாக மிக்ஸ் ஆன, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை அதே வால்யூமில் மாற்றி மாற்றிப் போடுவேன். அந்தப் பாட்டும் இதே குறைக் காதில்தானே நுழைகிறது? இரண்டும் ஒன்றுபோல மங்கினால் என் மிக்ஸ் சரி. எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். இழந்ததை ஈடுகட்ட ஹெட்போனில் ட்ரெபிளைக் கூட்டுவது மட்டும் வேண்டாம், இருக்கிறதும் போய்விடும்.

வேலை தருவார்களா என்கிறீர்கள். நான் இரண்டு வருடம் மறைத்தேன்; மோசமான மிக்ஸ்கள் கொடுத்தது அந்த இரண்டு வருடத்தில்தான். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மிக்ஸைக் கேட்கிற ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. 1966இல் அவர் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை மோனோவில்தான், அதாவது இடது வலது என்று பிரிக்காமல், மிக்ஸ் செய்தார்.

இரைச்சல் ராத்திரியில்தான் ஆளைக் கொல்லும், தெரியும். முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள், ஃபேன் ஓடட்டும். அதை அடியோடு நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை; விளம்பரம் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். தூக்கமே போனால் இதற்கான கவுன்சலிங் நிஜமாகவே உதவுகிறது. ஒன்று மட்டும்: ஒரு காது திடீரென அடைத்து, கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை, நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

கேள்வி: மகன் தினமும் இரண்டு மணி நேரம் அறைக்குள் டிரம்ஸ் பழகுகிறான். காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: போதாதும்மா. பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. இசைக்கலைஞர்களுக்கென்றே இயர்பிளக் விற்கிறார்கள்; எல்லா சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் சிம்பல் சிம்பலாகவே கேட்கும். பழகி முடித்ததும் காதில் 'ஙொய்' என்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் இந்த வாரமே ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.