ஐந்து சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: நானும் என் தோழியும் சேர்ந்து சின்ன கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் ஒன்றை எட்டு மாதமாக நடத்துகிறோம். பதினொரு பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். சொந்த மென்பொருள் நிறுவனத்தை நல்ல விலைக்கு விற்ற ஒருவர், "மென்ட்டராக (வழிகாட்டியாக) இருக்கிறேன், 5 சதவீதப் பங்கு கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம் பங்குப் பேச்சே எடுக்காமல் பழகிப் பாருங்கள். அதற்கே முகம் சுளித்தால் ஆளை விட்டுவிடலாம்.

5 சதவீதம் ரொம்ப அதிகம். புது நிறுவனங்களுக்குப் பயிற்சி தரும் ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட 'ஃபாஸ்ட்' என்ற மாதிரி ஒப்பந்தத்தைத்தான் பலரும் எடுத்து வைத்துப் பேசுவார்கள். அதில், இன்னும் யோசனை அளவிலேயே இருக்கும் நிறுவனத்துக்கு நன்றாக இறங்கி வேலை பார்க்கிற ஆலோசகருக்கே 1 சதவீதம்தான், சும்மா அவ்வப்போது பேசுகிறவருக்குக் கால் சதவீதம். அதுவும் மொத்தமாகக் கைக்கு வராது, 2 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் 3 மாதத்துக்குள் பிரிந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. (இருபது வருடம் கம்பெனி நடத்தியவன் நான், இப்போது மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறேன். என் வருமானத்துக்கு நானே வேட்டு வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லை.)

சரி, அந்த மூன்று மாதத்தில் என்ன பேசுவது? பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். என்னிடம் வந்த ஒரு பையன் நாற்பது ஸ்லைடு கொண்டுவந்தான், அடுத்த வருடத் திட்டமெல்லாம் அதில் இருந்தது. அதை மூடச் சொல்லிவிட்டு, கடைசியாக விலகிப்போன ஐந்து வாடிக்கையாளர்களின் மெயிலைத் திறக்கச் சொன்னேன். மூன்றில் ஒரே விஷயம்: பில்லை பிரிண்ட் எடுத்தால் பாதி வெட்டுப்பட்டு வருகிறது. அவன் அந்த மாதம் முழுக்க சாட்பாட் கட்டிக்கொண்டிருந்தான்.

2009-ல், தங்க வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனர்களுக்கும் இப்படித்தான் நடந்தது. புது நிறுவனங்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம் "உங்கள் பயனாளர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். அப்புறம் இங்கே கலிஃபோர்னியாவில் என்ன செய்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்டார். அவர்கள் கிளம்பிப்போய் வீடு வீடாக ஏறி இறங்கி, விளம்பரத்துக்கான போட்டோவைத் தாங்களே எடுத்தார்கள். உங்கள் ஆள் முதல் சந்திப்பில் இந்த மாதிரி ஒரு கேள்வியாவது கேட்டாரா, இல்லை தன் கம்பெனியை விற்ற கதையையே ஒரு மணி நேரம் சொன்னாரா?

கேள்வி: புரோகிராம் எழுதத் தெரியாதவர் டெக் ஸ்டார்ட்அப்புக்கு மென்ட்டராக இருக்க முடியுமா?

பதில்: தாராளமாக. பில் கேம்ப்பெல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கால்பந்துக் கோச்சாக இருந்தவர், அமெரிக்கக் கால்பந்து. அவரிடம்தான் ஸ்டீவ் ஜாப்ஸும் கூகுளின் எரிக் ஷ்மிட்டும் யோசனை கேட்டார்கள். ஆனால் டேட்டாபேஸ் எது போடலாம் என்று அவரைப் போன்றவரிடம் கேட்காதீர்கள், அதற்கு வேறு ஆள்.

கேள்வி: எனக்கு இரண்டு மென்ட்டர்கள். ஒருவர் விலையை ஏற்று என்கிறார், மற்றவர் இலவசமாகக் கொடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஒவ்வொருவரிடமும் "நீங்கள் இதை எப்போது, எந்த மாதிரி வாடிக்கையாளரிடம் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் பெரிய கம்பெனிகளுக்கு விற்றிருப்பார், மற்றவர் செல்போன் ஆப் நடத்தியிருப்பார். உங்கள் வாடிக்கையாளர் எந்த மென்ட்டருடைய வாடிக்கையாளரைப் போல இருக்கிறாரோ, அந்த மென்ட்டர் சொன்னதை அடுத்து வரும் பத்துப் பேரிடம் மட்டும் செய்து பாருங்கள், பழையவர்களுக்கு விலையைத் தொடாதீர்கள்.