இடாப்பு

அன்புள்ள ஐயா,
இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஆடிக் கலவரத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதி இணைத்திருக்கிறேன். நான் பிறந்தது 1994இல், ரொறன்ரோவில். அனுபவிக்காத ஒன்றை எழுத எனக்கு உரிமை உண்டா?
வாசகி ஒருத்தி

அன்புள்ள பிள்ளைக்கு,

தாராளமாக எழுதலாம். பேச்சுவழக்கில் உள்ள சில்லறைப் பிழைகளை உங்கள் அம்மாவே திருத்தித் தருவார். பொட்டை அழித்த பெண் அதன்பிறகு கண்ணாடி பார்க்க மறுக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால், ‘வெறிகொண்ட கூட்டம் கடல்போலப் பொங்கி வந்தது’ என்ற வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அண்மையில் வாசித்த இளையவர்களின் கதைகள் பலவற்றிலும் இதே கடல் பொங்குவதால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

கடலுக்கு முகவரி தெரியாது, பிள்ளை. ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது 16 வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் குசினிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்; யன்னல் இடுக்கால் பார்த்தேன். முன்னால் நின்றவர் கையில் வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியல். விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டி, அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். எங்களுடையது வாடகை வீடு, சொந்தக்காரர் சிங்களவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தபடியால், வீட்டைத் தொடாமல், கட்டில், அலுமாரி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் வீதிக்கு இழுத்து வந்து, சுவரில் புகை படாத தூரத்தில் குவித்து எரித்தார்கள். வெறி இவ்வளவு கணக்குப் பார்க்குமா?

உங்கள் கதையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தி வருகிறது; உடனே கொழும்பு பற்றி எரிகிறது. 28ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜயவர்த்தன, இறந்த தமிழருக்காக ஒரு சொல்லும் வருந்தாமல், பிரிவினை கேட்டதனால் சிங்கள மக்கள் கொதித்தார்கள் என்றுதான் பேசினார். மக்கள் தாமாகவே கொதித்தார்கள் என்று அவர் சொன்ன காரணத்தையே எங்கள் பிள்ளை ஒருத்தி அழகான தமிழில் திரும்ப எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 25ஆம் திகதி தமிழ்க் கைதிகள் 35 பேரும், ஒரு நாள் விட்டு 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதவுகளுக்குப் பூட்டு இருந்தது. திறப்பு யாருடைய கையிலோ இருந்தது. இவற்றையெல்லாம் விசாரிக்காமல் தீயை மட்டும் வர்ணிப்பது சோம்பல், பிள்ளை. கோபிக்காதீர்கள்.

அந்த இடாப்பை யாரோ ஒருவர் ஓர் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிரவு அவரும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருப்பார். கதையை அவரிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.