பொய்ப் புகாரில் கைது செய்தால் என்ன வழி?

ஏற்காடு எஸ்டேட்டில் மிளகு திருடினான் என்று தம்பியை நேற்று மாலை கூட்டிப்போனவர்கள் இன்னும் விடவில்லை என்கிறீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் இதில் சேராதுதான். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர ஒரு நாளா ஆகும்? அடித்திருந்தால் தம்பி அதை மாஜிஸ்திரேட்டிடமே சொல்லட்டும். கெடு தாண்டினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போடுங்கள். வக்கீலுக்குக் காசில்லையா, 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம்.

நஷ்டஈடா? ஆதாரமில்லாமல் பிடித்துக்கொடுத்தவரிடம் மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடியது அதிகபட்சம் 1,000 ரூபாய். ரெண்டு கிலோ மிளகுக்கே காணாது! போலீஸ் மீது என்றால் அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் ரிட் மனு: சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்ட ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்கின் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் ஓராண்டுக்குள் போங்கள்.