கொப்ரிவ்னிட்சே என்ற செக் நகரம் ஏன் டாட்ரா லாரியோடு சேர்த்தே பேசப்படுகிறது?

சுருங்கச் சொன்னால், அங்கே ஊரை வளர்த்ததே டாட்ரா தொழிற்சாலைதான். செக் நாட்டின் மொராவியா பகுதியில் கிழக்கே உள்ள இவ்வூரின் பெயர், தொட்டால் அரிக்கும் காஞ்சொறி வகைச் செடியின் செக் பெயரிலிருந்து வந்தது. நெஸ்ஸல்ஸ்டார்ஃப் என்ற பழைய ஜெர்மன் பெயருக்கும் அதே பொருள்தான். 1850-இல் இக்னாட்ஸ் ஷுஸ்டாலா இங்கே குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கினார். 1880-களில் ரயில் பெட்டிகளும், 1897-இல் 'பிரெசிடென்ட்' என்ற மோட்டார் காரும் அதே பட்டறையிலிருந்து வெளிவந்தன. அந்தப் பட்டறைதான் பின்னர் டாட்ரா நிறுவனமானது.

ஆனால் இந்நிறுவனத்தைத் தனித்துக் காட்டுவது, என் பார்வையில், பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா வடிவமைத்து 1923-இல் டாட்ரா 11 காரில் வந்த முதுகெலும்புச் சட்டகம்தான். வழக்கமான இரு நீளச் சட்டங்களுக்குப் பதிலாக, வண்டியின் நடுவே ஒரே ஒரு தடித்த குழாய் ஓடுகிறது. எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு அதற்குள் பாதுகாப்பாகச் சுழல, இருபுறமும் உள்ள அரை அச்சுகள் தனித்தனியே ஏறி இறங்குவதால், மேடுபள்ளத்திலும் சட்டகம் முறுக்கிக்கொள்வதில்லை. இன்றைய டாட்ரா லாரிகளும் இதே அமைப்பில்தான் ஓடுகின்றன. பின்புறம் எஞ்சின் வைத்த, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவிலான டாட்ரா 77 கார் 1934-இல் வந்தது. கார் உற்பத்தி 1990-களின் இறுதியில் நின்றது. லாரி உற்பத்தி தொடர்கிறது.

தொழிற்சாலை விரிந்த வேகத்தில் கிராமம் வளர்ந்து, 1948-இல் நகரத் தகுதி பெற்றது. ஓட்டப்பந்தய வீரர் எமில் ஸாடோபெக் 1922-இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.