எதிரி இனங்களின் ஆபத்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நானும் நண்பர்கள் நால்வரும், பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு நூல்களை வைத்து விளையாடி வருகிறோம். கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். எங்கள் கேம்பெய்னின், அதாவது தொடர்கதையின், முதன்மை எதிரிகள் மலைக்காட்டில் வாழும் காப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள். முதல் லெவலில், அதாவது பாத்திரங்களின் திறன் மிகக் குறைவாக இருந்தபோது, அவர்களைக் கண்டு நண்பர்கள் நடுங்கினார்கள். ஒரு மோதலில் விசார்ட் (மந்திரவாதி) பாத்திரம் இறந்தே போனது; அதை ஆடிய தோழிக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இப்போது எல்லாரும் ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டார்கள். காப்ளின்கள் எதிர்ப்பட்டால் ஃபயர்பால் என்ற ஒரே ஒரு தீ மந்திரத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அவர்களுடைய உயிர்ப்பலத்தைக் குறிக்கும் ஹிட் பாயிண்டுகளை மூன்று மடங்காக்கிப் பார்த்தேன். சண்டை இழுத்துக்கொண்டு போனதே தவிர, பழைய அச்சம் திரும்பவில்லை. காப்ளின்களை விட்டுவிட்டு ஓர்க்குகள், பிறகு ராட்சதர்கள் என்று லெவலுக்கு ஏற்ற இனங்களுக்குப் போய்விடலாம் என்கிறார் ஒரு நண்பர். ஓர் எதிரி இனம் எந்த அளவுக்கு ஆபத்தானதாக இருக்க வேண்டும்? ஆட்டக்காரர்களின் லெவல் உயர உயர அந்த ஆபத்தும் உயர வேண்டுமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஓர் எதிரி இனம் தன் சொந்த நிலத்தில், தான் தேர்ந்துகொண்ட நேரத்தில் நடக்கும் சண்டையில் உங்கள் ஆட்டக்காரர்களை வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நிலத்தை விட்டு வெளியே வந்தால் தோற்கக்கூடியதாகவும், தோற்போம் என்பதை அறிந்ததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது ஓர் இனம். முதலாவது இல்லையென்றால் அது வெட்டுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்ட பொம்மை வரிசை; இரண்டாவது இல்லையென்றால் அது இயற்கைச் சீற்றம், அதனோடு பேசவோ பேரம் பேசவோ எதுவும் இல்லை. ஆட்டக்காரர்களின் லெவல் இந்தக் கணக்கில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு முக்கியமானதல்ல என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தை எண்களோடு சொல்கிறேன்.

எதிரிகளின் விவரநூலான 2014ஆம் ஆண்டு மான்ஸ்டர் மேனுவலின் சாதாரணக் காப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்டுகள். ஃபயர்பால் 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லார் மீதும் எட்டு அறுமுகப் பகடைகளின் சேதத்தை இறக்குகிறது, சராசரி 28. சேவிங் த்ரோ என்ற தற்காப்புப் பகடை உருட்டலில் தப்பியவருக்கும் அதில் பாதியான 14 விழும் என்பதால், அந்த வட்டத்துக்குள் நின்ற காப்ளின் பிழைப்பதற்கு ஏறக்குறைய வழியே கிடையாது. நீங்கள் ஹிட் பாயிண்டுகளை 21 ஆக்கியபோதும் சேவிங் த்ரோவில் தவறியவர்கள் பெரும்பாலும் செத்தார்கள். தப்பியவர்கள் அடுத்த சுற்றில் வாள்வெட்டுக்காக அதே இடத்தில் நின்றிருந்தார்கள். ஆகவே குறை ஹிட் பாயிண்டில் இல்லை. காப்ளின்கள் எல்லாரும் ஏன் ஒரே வட்டத்துக்குள் நின்றார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மலையில் பிறந்து வளர்ந்த, மந்திரவாதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிற, உயிர்வாழ விரும்புகிற எவரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

அதே காப்ளின்களை, ஓர் எண்ணையும் மாற்றாமல், அவர்கள் தோண்டிய சுரங்கத்துக்குள் வைத்துப் பாருங்கள். உங்கள் குழு தீப்பந்தத்தோடு உள்ளே வருகிறது. தீப்பந்தம் 20 அடி வரை நல்ல வெளிச்சமும் அதற்கு அப்பால் இன்னொரு 20 அடி வரை மங்கலான வெளிச்சமும் தரும். காப்ளின்களுக்கு 60 அடி வரை இருட்டிலும் கண் தெரியும். அவர்களுடைய சிறு வில் 80 அடி வரை தடையின்றி எய்யும். ஐம்பது அடி தொலைவில் சுவரில் ஒரு துளை. துளைக்குப் பின்னால் ஒரு காப்ளின். அவன் வெளிச்சத்தில் வரும் நான்கு பேரையும் பார்க்கிறான். அவனை யாரும் பார்க்கவில்லை. குழுவில் எல்ஃபோ ட்வார்ஃபோ இருந்தால் அவர்களுக்கும் இருட்டில் பார்வை உண்டு என்பது உண்மைதான். ஆனால் துளைக்குப் பின்னால் பதுங்கியிருப்பவனைப் பார்க்க அது மட்டும் போதாது. மனிதத் தோழன் ஏந்தி வரும் தீப்பந்தம் எல்லாரையும் சேர்த்தே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது பத்துக் காப்ளின்கள் உங்கள் ஃபைட்டர் (போர்வீரர்) மீது எய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செயின்மெயில் என்ற சங்கிலிக் கவசமும் கேடயமும் அணிந்த அவருடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவர்மீது அடி பட எட்ட வேண்டிய எண், 18. காப்ளின் தன் பகடை எண்ணோடு 4 கூட்டிக்கொள்வான் என்பதால் இருபதுமுகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு 35 வாய்ப்பு. மறைவிலிருந்து எய்பவர்கள் இரண்டு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 58 ஆகிறது. ஓர் அம்பின் சராசரிச் சேதம் ஐந்தரை. பத்து அம்புகளில் ஆறு பட்டால் ஒரு சுற்றில் முப்பதுக்கும் மேல் போய்விடும். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு 44 ஹிட் பாயிண்டுகள் இருந்தால் இரண்டாம் சுற்றிலேயே அவர் தரையில் கிடப்பார். எய்து முடித்த காப்ளின் அதே சுற்றிலேயே மீண்டும் பதுங்கிக்கொள்வதற்கான திறமை அவனுடைய விவரப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. பெரும்பாலான டன்ஜன் மாஸ்டர்கள் அந்த ஒரு வரியைப் பயன்படுத்துவதே இல்லை.

ஃபயர்பால்? சுவர் மூலைகளைச் சுற்றிக்கொண்டும் அந்தத் தீ பரவும். ஆகவே துளை மட்டும் காப்பாற்றாது. இடைவெளி காப்பாற்றும். நாற்பது ஐம்பது அடிக்கு ஒருவராக நிற்கும் காப்ளின்களில் ஒரு ஃபயர்பாலுக்கு ஒருவரோ இருவரோதான் பலியாவார்கள். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு ஃபயர்பால் போன்ற மூன்றாம் நிலை மந்திரங்களுக்கு ஒரு நாளில் இரண்டு வாய்ப்புகளே. சிறிய ஓய்வு எடுத்தால் இன்னொன்றை மீட்டுக்கொள்ளலாம். அந்த ஓய்வுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். சுரங்கத்தின் சொந்தக்காரர்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஐந்தாம் பதிப்பில் இது சாத்தியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் லெவல் ஏற ஏற வீரர்களின் ஆர்மர் கிளாஸ் வெகுவாக உயர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சாதாரணக் காப்ளின் 20 போட்டால்தான் அம்பு படும். ஐந்தாம் பதிப்பை வடிவமைத்தவர்கள் அந்த உயர்வுக்கு வேண்டுமென்றே வரம்பு கட்டினார்கள். எளிய எதிரிகள் கூட்டமாக வந்தால் எந்த லெவலிலும் பொருட்படுத்தத் தக்கவர்களாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் நண்பர் சொல்லும் ஏணி, அதாவது காப்ளின், ஓர்க், ராட்சதர் என்ற வரிசை, இந்தப் பதிப்புக்குத் தேவையே இல்லை. அதைவிட, அது உங்கள் உலகத்தைக் கெடுத்துவிடும். ஐந்தாம் லெவல் வந்ததும் மலையிலிருந்த காப்ளின்கள் காணாமல் போய் ஓர்க்குகள் முளைத்தால், அந்த மலை வீரர்களுக்காகப் போடப்பட்ட மேடை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்தப் பாடம் புதியதல்ல. இந்த ஆட்டத்துக்கான டிராகன் பத்திரிகையின் 127ஆவது இதழில், 1987 நவம்பரில், அதன் ஆசிரியர் ரோஜர் மூர் ஒரு தலையங்கம் எழுதினார். டக்கர் என்ற டன்ஜன் மாஸ்டரின் கோபோல்டுகளைப் பற்றியது அது. அன்றைய விதிகளில் கோபோல்டுக்கு ஒன்றிலிருந்து நான்கு ஹிட் பாயிண்டுகள்தான்; அதைவிட அற்பமான எதிரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கோபோல்டுகள் வழிகளை அடைத்தன, தீ மூட்டின, சுவர்த் துளைகள் வழியே எய்தன, துரத்திக்கொண்டே வந்தன. எதிரே நின்று ஒருபோதும் சண்டை போடவில்லை. பெரிய வீரர்கள், கீழ்த்தளங்களில் காத்திருந்த பேய்களே மேல் என்று அங்கிருந்து ஓடினார்கள். இன்றும் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் 'டக்கரின் கோபோல்டுகள்' என்று சொன்னால் போதும், பொருள் விளங்கிவிடும். சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை; யானை எத்தனையாவது லெவல் என்று நரி கேட்பதில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி மட்டுமே சொன்னவனாவேன். இடத்தையும் தந்திரத்தையும் கொடுத்துவிட்டு, கடைசி ஆள் சாகும்வரை போரிட வைத்தால் அதுவும் பொய்யான இனம்தான். ஆபத்தானவர்களுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. இதே ஆட்டத்தின் பழைய பதிப்பான 1981ஆம் ஆண்டின் பேசிக் விதிகளில் இதற்கென்றே மன உறுதிச் சோதனை ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்தபோதும் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும்; கூட்டுத்தொகை அந்த இனத்தின் மன உறுதி எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது பணிவார்கள். கோபோல்டுக்கு 6, காப்ளினுக்கு 7, ஹாப்காப்ளினுக்கு 8. அரசன் உடனிருந்தால் காப்ளினின் எண் 9 ஆகிவிடும். முதல் ஆள் விழுந்தவுடன் காப்ளின் கூட்டம் கலைவதற்கு நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேலான வாய்ப்பு. அரசன் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஏறக்குறைய பதினேழாகக் குறைகிறது. ஒரு சமூகத்தைப் பற்றி எத்தனை செய்திகளை அந்தச் சின்ன எண் சொல்லிவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த விதியை அப்படியே எடுத்து உங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்போடு அது மோதாது.

அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. ஓர் ஓர்க்கைக் கொன்றால் பத்து அனுபவப் புள்ளிகள். ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 புள்ளிகள் வேண்டும். கொன்று மட்டுமே முன்னேற நினைப்பவர் தம் பங்குக்கே இருநூறு ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். மீட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி கிடைத்ததால், சண்டையைத் தவிர்ப்பதும் ஒளிந்து போவதும் பேசி முடிப்பதும் புத்திசாலித்தனமாயின. எதிரி உண்மையிலேயே ஆபத்தானவனாக இருந்தால், கொல்வதற்கு மட்டும் பரிசு கொடுக்கும் முறையை நீங்கள் மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் ஆட்டக்காரர்களைச் சாவை நோக்கி நீங்களே தள்ளுகிறீர்கள்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி, பேசிக் பெட்டியோடு சேர்த்துத் தரப்பட்ட கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ் சாகசத்தில் காப்ளின்களின் குகைக்குப் பக்கத்திலேயே ஓகர் என்ற பெரிய அரக்கன் ஒன்று வாழ்கிறது. தாக்குதல் நடந்தால் காப்ளின்கள் அதற்குப் பொற்காசு மூட்டையைக் கொடுத்துத் துணைக்கு அழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. தம்முடைய பலம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குறைகிற பலத்தை எங்கே, என்ன விலைக்கு வாங்கலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் வீரர்களும் போய்ப் பேசலாம், அவர்களைவிட அதிக விலை கொடுத்து ஓகரைத் தம் பக்கம் இழுக்க முயலலாம். உங்கள் மலைக் காப்ளின்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கட்டும். அடிவாரத்துக் கிராமம் அவர்களுக்கு ஆண்டுதோறும் என்ன கொடுக்கிறது, எந்தப் பாதையில் இரவில் வண்டி போகாது, எந்த மதிலை யார் எப்போது கட்டினார்கள் என்பதை எழுதி வையுங்கள். அண்டை அயலாரின் வாழ்க்கையில் சுவடு எதையும் விடாத இனத்தை ஆட்டக்காரர்கள் அஞ்ச மாட்டார்கள்.

ஆபத்து என்பது தீமைக்கு இன்னொரு பெயரல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர்க்குகளும் டிரௌக்கள் என்ற இருள் எல்ஃப்களும் மற்ற மக்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் சிக்கலானவர்களாகக் காட்டப்படுவார்கள் என்று, இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020இல் அறிவித்தது. ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான 2024ஆம் ஆண்டின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஓர்க் நாமே ஏற்று ஆடக்கூடிய பாத்திரமாகிவிட்டது. அதனால் எதிரிகளின் வீரியம் போய்விட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பிள்ளைகளையும் தானியக் குழியையும் காக்க நிற்பவர்கள், காரணமில்லாமல் கொல்ல வருபவர்களைவிட மிகக் கடுமையாகப் போரிடுவார்கள்.

இனி உங்கள் தோழியின் விசார்ட். புதியவர்களுக்கான 2014ஆம் ஆண்டு ஸ்டார்டர் செட்டின் முதல் மோதலே நான்கு காப்ளின்களின் பதுங்குத் தாக்குதல்தான். அதே ஆண்டின் விதிநூல் கணக்குப்படி நான்கு காப்ளின்களுக்கு 200 அனுபவப் புள்ளிகள், எண்ணிக்கைக்காக அதை இரட்டித்தால் 400. முதல் லெவல் வீரர்கள் நால்வருக்கு 'டெட்லி', அதாவது உயிருக்கே ஆபத்து, என்ற எல்லை தொடங்குவதும் சரியாக 400இல்தான். எட்டு ஹிட் பாயிண்டுகள் கொண்ட விசார்டை இரண்டு அம்புகள் வீழ்த்திவிடும். எனவே அந்தச் சாவுக்குத் தோழியின் ஆட்டத்தில் குறை தேட வேண்டாம். இதை அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஸ்டார்டர் செட்டில், வீரர்கள் தோற்றுப்போனால் காப்ளின்கள் அவர்களை மயங்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, வண்டியைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் தேடி வந்தது வண்டியில் இருந்த பொருள்கள்; பிணங்கள் அல்ல. வெல்லக்கூடிய எதிரியை வைக்கும் டன்ஜன் மாஸ்டர், வென்ற பிறகு அந்த எதிரி என்ன செய்வான் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பிணைப்பணம் கேட்கலாம், ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு அனுப்பலாம், வேறொரு குலத்துக்கு எதிராகத் துணைக்கு வரச் சொல்லலாம்.

கொல்லத்தான் போகிறார்கள் என்றால் அதற்கான அறிகுறி முன்னதாகவே தெரிய வேண்டும். சுரங்க வாயிலில் கரிந்த மரக்கட்டைகளும், சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாகத் துளைகளும், தரையில் முந்தைய குழுவின் உடைந்த கேடயமும் கிடக்கட்டும். அவற்றைப் பார்த்த பிறகு உள்ளே போவதா, வெளியே புகை போட்டுக் காத்திருப்பதா, வெள்ளைக் கொடியோடு ஓர் ஆளை அனுப்புவதா என்பதை உங்கள் நண்பர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். அடுத்த முறை விளையாடும்போது ஹிட் பாயிண்டுகளைப் பழையபடி ஏழுக்கே குறைத்துவிடுங்கள். சுரங்கத்தின் வரைபடத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து வரையுங்கள்.