கிட்னி கேள்விகள்: நகையை அடகு வைக்கும் முன்

செம்பூர் வாசகி: வயது 60, சர்க்கரை 12 வருடமாக. கிரியேட்டினின் 1.1, லேப் தாளில் நார்மல். கிட்னி பத்திரம்தானே?

உங்கள் வயதில், ஒரு பெண்ணுக்கு, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.1 என்றால் ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகத்தின் கணக்கு) 60-க்குக் கீழே. அது குறைவு. தாளில் அச்சிட்டதை நம்பாதீர்கள். சிறுநீரில் அல்புமின் பாருங்கள். அது சிறுநீரில் கசியக் கூடாத புரதம். 30-க்கு (mg/g) மேல் வந்தால், மூன்று மாதத்துக்குள் மறுபடி பாருங்கள்.

முலுண்ட் வாசகர்: சர்க்கரை நோயில் எதிர்ப்பு அணுக்களுக்குக் கிட்னியில் என்ன வேலை?

கூப்பிட்டதால் வருகின்றன. சர்க்கரையும் பிரஷரும் அரித்த கிட்னி செல்கள் ரசாயனத் தூது விடும். ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து, குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களாக மாறும். குப்பை அள்ள வந்தவை கிளம்பாமல் டேரா போட்டு அழற்சியை வளர்க்கும். அப்புறம் தழும்பு.

தாராவி வாசகர்: அண்ணனுக்கு ஈஜிஎஃப்ஆர் 28. மூன்று ஸ்டெம் செல் ஊசி போட்டால் டயாலிசிஸே வேண்டாம் என்கிறார்கள். 6 லட்சம். நகையை அடகு வைக்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை.

இந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது மெசன்கைமல் செல், எலும்பு மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகை ஸ்டெம் செல். அது புதுக் கிட்னி கட்டாது. ஊசியில் ஏறியவற்றில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கி, சில நாளில் அழியும். அதற்குள் அவை சுரப்பது மேக்ரோஃபேஜ்களைச் சண்டைக் குணத்திலிருந்து பழுதுபார்க்கும் குணத்துக்குத் திருப்பும் என்பதுதான் ஆய்வாளர்களின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான், ஆனால் ஆள் எத்தனை? 2016-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 30 பேர். 2023-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 16 பேர். அதில் ஈஜிஎஃப்ஆர் இறங்குவது மெதுவானது, சரி. காலை லோக்கல் ரயிலில் ஒரு வாசலில் தொங்குகிறவர்களே 16 பேர் தேறுவார்கள்.

என்னிடம் வந்த ஒருவர் ஊசிக்குக் கட்டிய ரசீதைக் காட்டினார். எந்தச் செல், எத்தனை, எங்கிருந்து எடுத்தது, ஒன்றும் இல்லை. 'வெல்னெஸ் பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தது. மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வாகத்தான் நடக்கலாம். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுப் பட்டியலான சிடிஆர்ஐ-யின் பதிவு எண் கேளுங்கள். ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறவர்கள் நடத்துவது வியாபாரம்.

அண்ணன் டாபாகிளிஃப்ளோசின் என்ற, கிட்னியையும் காக்கும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா? 4,300 பேரிடம் சோதித்து, கிட்னி மோசமாகும் ஆபத்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் முதல் காப்புரிமை 2020-லேயே முடிந்து விலை சரிந்துவிட்டது. அவருக்கு ஒத்துவருமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மாட்டுங்கா வாசகி: பேரனின் தொப்புள்கொடி ரத்தம் சேமித்திருக்கிறோம். தாத்தாவின் கிட்னிக்கு ஆகுமா?

ஆகாது. அது ரத்த நோய்களுக்கு.

டோம்பிவிலி வாசகர்: சுகர் அதிகம், கால் வீக்கம். என்ன மாத்திரை?

எவ்வளவு அதிகம்? வயது என்ன? ஒரு ரிப்போர்ட்டாவது அனுப்பியிருக்கலாமே! நான் ஜோசியர் இல்லை. கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், அது கிட்னியைக் கெடுக்கும். நாளைக் காலையில், சொன்னதையே சொல்கிறேன், சிறுநீரில் அல்புமின் பாருங்கள்.