பேட்டரியைக் கரைத்து உலோகம் பிரிக்கும் படிப்பு: பாலக்கோட்டு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், பழைய பேட்டரியைக் கரைத்துக் கோபால்ட்டும் நிக்கலும் பிரிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். உங்களுக்குப் பர்கூர் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும். "ஆசிட்டில் கை வைக்கிற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன், அது என்ன வேலை என்று பார்த்துவிடலாம்.

ஓய்ந்துபோன லித்தியம் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, அரைத்துச் சலித்தால் ஒரு கறுப்புத் தூள் கிடைக்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். இப்போது லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் எல்லாம் ஒரே தண்ணீரில் கலந்து கிடக்கின்றன. வடிகட்டினால் வராது, காய்ச்சினாலும் தனித்தனியாகப் பிரியாது. தண்ணீரில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை நம் தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்னால் ஃப்ளோரைடு நம் பிள்ளைகளின் பல்லில் கறையாகத்தான் தெரிந்தது.

இங்கேதான், ஒரு திரவத்தில் கரைந்திருப்பதை வேறொரு திரவத்தால் இழுத்தெடுக்கும் சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் வருகிறது. பாப்பாவின் பள்ளி ஆய்வகத்தில் பிரிபுனல், அதாவது அடியில் திருகு வைத்த கண்ணாடிப் புனல் இருக்கும், பார்த்திருப்பாள். அதில் அந்த உலோகக் கரைசலை ஊற்றி, மேலே மண்ணெண்ணெய் மாதிரியான ஓர் எண்ணெயை ஊற்றுவார்கள். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள் அந்த எண்ணெயில் கலந்திருக்கும். கோபால்ட்டுக்குப் பேர்போனது சயனெக்ஸ் 272. மூடி போட்டுக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்துத் திருகைத் திறந்து உள்ளே சேர்ந்த காற்றை வெளியே விட்டு, தாங்கியில் நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும். அமிலத்தன்மை சரியாக, அதாவது பி.எச். 5-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால், மேலே எண்ணெய் நல்ல நீலம், கீழே தண்ணீர் பச்சை. நீலம் கோபால்ட், பச்சை நிக்கல். பிறகு அந்த நீல எண்ணெயோடு இன்னும் புளிப்பேறிய அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் கோபால்ட் தண்ணீருக்கே திரும்பிவிடும். எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாம். இதை ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளைக்கு ஆசை வந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆலையில் புனலுக்குப் பதிலாக மிக்சர்-செட்லர் என்ற தொட்டிகள் வரிசையாக நிற்கும். எண்ணெய் ஒரு பக்கமிருந்தும் தண்ணீர் எதிர்ப்பக்கமிருந்தும் ஓடும். கலக்கியை வேகமாகச் சுற்றவிட்டால் இரண்டும் பிரியாமல் கூழாகி நிற்கும், வரிசையே நின்றுபோகும். பி.எச். கொஞ்சம் ஏறினால் கோபால்ட்டோடு நிக்கலும் மேலே ஏறிவிடும். தூய்மை குறைந்த சரக்கை பேட்டரி கம்பெனி எடுத்துக்கொள்ளாது. ஆகவே பொறியாளரோ வேதியியலாளரோ அங்கே செய்வது ஆசிட்டில் கை வைப்பது இல்லை. மாதிரி எடுப்பது, அளப்பது, கணக்குப் போடுவது, திரையைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது, இதுதான் வேலை. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அமிலம் இருக்கிறது, அதைவிடப் பெரிய கவலை அந்த எண்ணெய் தீப்பிடிக்கும் என்பது. எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் தீத்தடுப்பு ஏற்பாட்டையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஷிப்டும் உண்டு. ஆனால் ஓசூர் பக்கம் எத்தனை பெண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வீட்டு வாசலில் இல்லை. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா, ஏதர், டிவிஎஸ் மூன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இன்று ஓடும் பேட்டரி எல்லாம் ஒருநாள் கழிவாகத் திரும்பி வரும்; 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. 2025-ல் மத்திய அரசு முக்கியக் கனிமங்களுக்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனா சில அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டிக் கம்பெனிகள் தவித்தன. மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்தைப் பிரிப்பதும் இதே முறையில்தான். அதன் பக்கத்து உலோகமான பிரசியோடிமியம் ஏறக்குறைய அதைப் போலவே நடந்துகொள்வதால், ஒருமுறை குலுக்கினால் போதாது. எத்தனையோ கட்டங்கள் வேண்டும்.

அரசுப் பக்கம் பார்த்தால், அரிய மண் உலோகங்களுக்கு ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கத்தில் எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிப்பது இந்த முறையில்தான். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் உள்ள சிர்கோனியம் வளாகம் அணு உலைக்கான சிர்கோனியத்தைத் தயாரிக்கிறது. சிர்கோனியத்தோடு ஒட்டியே வரும் ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால் அதை இதே முறையில் நீக்கியாக வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். இதே பெயரில் பட்டப்படிப்பு தேடி அலையாதீர்கள். யாராவது பேட்டரி மறுசுழற்சி டிப்ளமோ என்று ஆறு மாதப் படிப்புக்கு லட்சத்தில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இது அடிப்படைப் படிப்பின் மேல் ஏற்றிக்கொள்ளும் திறமை. கெமிக்கல் இன்ஜினியரிங் என் முதல் தேர்வு: கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), திருச்சி என்.ஐ.டி. போன்றவை. திருச்சிக்கு ஜே.இ.இ. எழுத வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் வளாகத்தில் மின்வேதியியலும் சேர்ந்த பி.டெக் உண்டு, பேட்டரி ஆசை உள்ளவளுக்கு அது இன்னும் பொருத்தம். வீட்டுக்குக் கிட்டே வேண்டுமென்றால் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி (உலோகவியல்). கெமிக்கல் படித்தால் இந்த வேலை அமையாவிட்டாலும் மருந்து, பெயின்ட், உரம், கழிவுநீர் என்று வேறு கதவுகள் திறந்தே இருக்கும். அதனால்தான் இதைச் சூதாட்டம் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் பாப்பா எந்த குரூப் என்று இல்லை. கணிதம் இல்லாத குரூப் என்றால் பொறியியல் பக்கம் மறந்துவிட்டு, தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. வேதியியல் சேர்க்கலாம். மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு எழுத வேண்டும். சுற்றுவழிதான், ஆனாலும் ஆராய்ச்சிக்கு இது கெட்ட வழி இல்லை. கணிதம் இருந்தால் கட்-ஆஃபில் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. வேதியியல் பிடிக்கிறது என்பதற்காகக் கணக்கை விட்டுவிடக் கூடாது என்று அவளிடம் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும். தக்காளி வருமானத்தை நம்பியிருக்கும் நீங்கள், அதன் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக் கட்டணத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

குரூப், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண், ஆறிலிருந்து படித்த பள்ளிகள், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று எழுதித் தருகிறேன். பர்கூர் கம்ப்யூட்டர் சயின்ஸும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் முதல் இடத்தில் வேண்டாம்.